உளவியல் இயலாமை: பிலிப்பைன்ஸில் ஒரு கல்யாணம் 'நடக்கவே இல்லை' என்று ஆவது எப்படி?

பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் "எனக்கு அனல்மென்ட் (திருமண ரத்து) கிடைத்துவிட்டது" என்று சொன்னால், அவர் சொல்லும் சொல்லுக்கும் அவர் கையில் இருக்கும் தீர்ப்புக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அங்கே பேச்சு வழக்கில், கோர்ட்டுக்குப் போய்த் திருமணத்திலிருந்து வெளியே வந்த எல்லோருக்கும் அனல்மென்ட் என்று ஒரே பெயர்தான். தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வேறு. குடும்பச் சட்டத்தின் 36-வது பிரிவின்படி இந்தத் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது, சட்டத்தின் கண்ணில் அது நடக்கவே இல்லை என்று எழுதியிருக்கும். காரணம் என்ன? உளவியல் இயலாமை.

இந்த இரண்டு சொல்லைக் கேட்டவுடனே மனநோய், டாக்டர், மாத்திரை என்று நம் புத்தி ஓடும். அந்த நாட்டு நீதிபதிகளுக்கும் அப்படித்தான் ஓடியது, அதுவும் இருபது வருஷத்துக்கு மேல். அதனால் பல பேருடைய வாழ்க்கை கோர்ட் வாசலிலேயே நின்றுபோனது. அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தச் சட்டக் கருத்து புரியும்.

முதலில், ஏன் இப்படிச் சுற்றி வளைத்து ஒரு வழி? நேராக விவாகரத்து வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். முடியாது. உலகத்தில் விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடுகள் இரண்டுதான்: வாடிகன், பிலிப்பைன்ஸ். வாடிகனில் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், ஆக இந்தக் கஷ்டம் முழுக்க பிலிப்பைன்ஸ் மக்களுடையதுதான். முஸ்லிம் பிலிப்பினோக்களுக்கு மட்டும் 1977-ல் வந்த தனிச் சட்டத்தின்படி விவாகரத்து உண்டு. மற்றவர்களுக்குக் கிடையாது. எப்போதும் இப்படி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்கர்கள் ஆண்ட காலத்தில், 1917-ல், ஒரு விவாகரத்துச் சட்டம் இருந்தது. துணையின் கள்ள உறவு கிரிமினல் வழக்கில் நிரூபணமானால் பிரியலாம். உலகப் போரின்போது ஜப்பானியர்கள் பிடித்துக்கொண்ட காலத்தில், 1943-ல், காரணங்களின் பட்டியல் இன்னும் நீண்டது. 1950-ல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம் கதவை இழுத்துச் சாத்தியது. அப்புறம் அதைத் திறக்கப் பல தடவை முயன்றிருக்கிறார்கள். 2018-லும் 2024-லும் விவாகரத்து மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

1987-ல் புது அரசியல் சாசனம் வந்தது. திருமணம் என்பது மீறக்கூடாத சமூக அமைப்பு, அதை அரசு காக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதே வருஷம் ஜூலையில் அதிபர் கொராசோன் அக்கினோ குடும்பச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1988 ஆகஸ்ட்டில் அது நடைமுறைக்கு வந்தது. விவாகரத்து அதில் இல்லை. ஆனால் 36-வது பிரிவு என்று சின்னதாக, ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அது சொல்வது ஏறக்குறைய இது: திருமணம் நடக்கும் நேரத்தில், திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை நிறைவேற்ற முடியாத உளவியல் இயலாமை ஒருவருக்கு இருந்திருந்தால், அந்தத் திருமணம் செல்லாது, அந்த இயலாமை கல்யாணத்துக்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது என்றாலும் செல்லாது.

இதில் இரண்டு இடத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். 'திருமணம் நடக்கும் நேரத்தில்' என்பது ஒன்று, 'பிறகுதான் வெளியே தெரிந்தது என்றாலும்' என்பது இன்னொன்று. சொத்தை விதையை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் போட்டு, தண்ணீர் ஊற்றி, பத்து நாள் காத்திருந்து முளைக்கவில்லை என்று தெரிந்துகொள்கிறோம். தெரிந்தது பத்தாம் நாள். சொத்தை மட்டும் கையில் எடுத்த அன்றைக்கே இருந்தது. 36-வது பிரிவு சொத்தை விதைக்கான சட்டம். நன்றாக முளைத்து, வளர்ந்து, நடுவில் வெயிலில் கருகிய பயிருக்கு இதில் இடமில்லை. விவாகரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: விவாகரத்து வழக்கில் "இப்போது உங்களுக்குள் என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள், இங்கே "அன்றைக்கு, அந்த மேடையில் நின்றபோதே, இவரால் இது முடியுமா?" என்று கேட்பார்கள். அதனால்தான் இந்த வழக்குகளில் பழைய கதை அவ்வளவு தோண்டப்படுகிறது. மனுஷன் எப்படி வளர்ந்தான், அப்பா அடித்தாரா, பதினெட்டு வயதில் எப்படி இருந்தான் என்றெல்லாம்.

'அடிப்படைக் கடமைகள்' என்றால் என்ன? அதே சட்டத்தில் சில பிரிவு தள்ளி எழுதியிருக்கிறது. சேர்ந்து வாழ்வது, ஒருவர் மேல் ஒருவர் அன்பும் மரியாதையும் விசுவாசமும் வைத்திருப்பது, ஒருவருக்கொருவர் கைகொடுப்பது, குடும்பச் செலவைத் தாங்குவது, பிள்ளைகளை வளர்ப்பது. சமைக்கத் தெரியாது, மாமியாரோடு ஒத்துவரவில்லை என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் வராது.

சரி, 'உளவியல் இயலாமை' என்றால் என்ன? அதற்குச் சட்டம் விளக்கமே தரவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றேதான் விட்டார்கள். உதாரணம் கொடுத்தால் நீதிபதிகள் அந்த உதாரணங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொரு வழக்கையும் அதனதன் தன்மைப்படி பார்க்கட்டும் என்று சட்டம் எழுதிய குழு முடிவு செய்தது. கருத்தை அவர்கள் எடுத்த இடம் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் வருஷச் சட்டத் தொகுப்பு. அதில் 1095-வது விதி, மனம் சார்ந்த காரணங்களால் திருமணக் கடமைகளை ஏற்க முடியாதவர்கள் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்கிறது. கோயில் நீதிமன்றத்தில் "உங்கள் கல்யாணம் செல்லாது" என்று வாங்கியவர்கள் அரசு ஏட்டில் மட்டும் கணவன் மனைவியாகவே தொடர்ந்த சிக்கல் ஒன்று அங்கே ரொம்ப நாளாக இருந்தது; அதைச் சரிசெய்யும் எண்ணமும் இதற்குப் பின்னால் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் விளக்கம் இல்லாத ஒரு சொல்லை வழக்கறிஞர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

முதல் பெரிய பதில் 1995 ஜனவரியில் வந்தது. ராணுவ லெப்டினன்ட் ஒருவர் போட்ட வழக்கு. அவருடைய மனைவி 1988-ல் நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போனார். போய் ஏழு மாதம் கழித்துத்தான் முதல் போன். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றார், வரவில்லை. 1990-ல் ராணுவப் பயிற்சிக்காக அந்த லெப்டினன்டே அமெரிக்கா போக நேர்ந்தது. அங்கே இருந்த மாதங்களில் மனைவியைத் தேடிப் பார்த்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பி வழக்குப் போட்டார். ஐந்து வருஷத்துக்கு மேல் வீட்டுக்கே வராத, இருக்கும் இடத்தைக்கூடச் சொல்லாத ஒருவரால் மனைவியாக இருக்க முடியாது என்பதுதானே அர்த்தம் என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் அனுதாபப்பட்டது, ஆனால் வழக்கைத் தள்ளிவிட்டது. விட்டுவிட்டுப் போனது தப்பாக இருக்கலாம், அது இயலாமைக்கு நிரூபணம் ஆகாது என்றது. கூடவே மூன்று அளவுகோலையும் வைத்தது: இயலாமை தீவிரமாக இருக்க வேண்டும், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேரூன்றியிருக்க வேண்டும், தீராததாக இருக்க வேண்டும். இன்றைக்கும் பேச்சு இந்த மூன்றைச் சுற்றித்தான்.

அப்படியானால் எதுதான் தேறும்? இரண்டு வருஷம் கழித்து, 1997 ஜனவரியில், ஒரு வழக்கு தேறியது. 1988 மே மாதம் மணிலா கதீட்ரலில் கல்யாணம். தேனிலவுக்கு பாகியோ மலைக்குப் போனார்கள். மாப்பிள்ளை கூடவே பெண்ணின் அம்மாவையும், ஒரு மாமாவையும், தன் அம்மாவையும், தன் கூடப் பிறந்தவரின் மகனையும் கூட்டிக்கொண்டு போனார். தேனிலவா குடும்பச் சுற்றுலாவா என்று கேட்கத் தோன்றும். திரும்பி வந்த பிறகும் பத்து மாதம் ஒரே அறை, ஒரே கட்டில், தாம்பத்தியம் மட்டும் இல்லை. மருத்துவப் பரிசோதனையில் மனைவி கன்னியாகவே இருப்பது தெரிந்தது, கணவனுக்கு ஆண்மைக் குறைவு இல்லை என்பதும் தெரிந்தது. உடம்பில் குறை இல்லாதபோது இவ்வளவு காலம் காரணமே சொல்லாமல் விலகி நிற்பது மனதுக்குள் இருக்கும் தீவிரமான இயலாமையைத்தான் காட்டுகிறது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கணவர் பிரிய மாட்டேன் என்று கடைசிவரை எதிர்த்தார் என்பதைக் கவனியுங்கள். இந்த வழக்குகள் இருவரும் கைகுலுக்கிப் பிரியும் வழக்குகள் இல்லை, எதிர்ப்புக்கு நடுவிலும் வரும்.

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1997 பிப்ரவரி 13-ல், காதலர் தினத்துக்கு முதல் நாள் (தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்று தெரியவில்லை), மோலினா வழக்குத் தீர்ப்பு வந்தது. கணவர் கூட்டாளிகளோடு ஊர் சுற்றுகிறார், பெற்றோரையே நம்பி இருக்கிறார், பணவிஷயத்தில் பொய் சொல்கிறார், வேலையும் போய்விட்டது, மனைவிதான் சம்பாதித்துக் குடும்பத்தை ஓட்டினார். கடைசியில் மனைவி மணிலா வேலையை விட்டுவிட்டு பாகியோவில் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். கீழ் நீதிமன்றங்கள் திருமணம் செல்லாது என்றன. உச்ச நீதிமன்றம் மறுத்தது: இது ஒத்துப்போகாத தன்மை, இயலாமை கிடையாது. 'கஷ்டப்படுகிறார்', 'மறுக்கிறார்', 'அலட்சியம் செய்கிறார்' என்பதெல்லாம் போதாது, 'முடியவே முடியாது' என்று காட்ட வேண்டும்.

இந்த வித்தியாசத்தை நான் நியாயம் என்றே நினைக்கிறேன். சிக்கல் அடுத்ததில்தான் வந்தது. 36-வது பிரிவு உலகத்திலேயே தாராளமான விவாகரத்து முறையாகிவிட்டது என்று அரசுத் தரப்பு அந்த வழக்கில் புலம்பியது. நீதிமன்றமும் கீழ் நீதிபதிகளுக்கு ஒரு வழிகாட்டி இருக்கட்டும் என்று எட்டு விதிகளை எழுதிவிட்டது. அதில் ஒன்று, இயலாமையின் மூலகாரணம் மருத்துவ ரீதியாகவோ உளவியல் ரீதியாகவோ அடையாளம் காணப்பட்டு, மனுவில் சொல்லப்பட்டு, நிபுணர்களால் நிரூபிக்கப்பட்டு, தீர்ப்பிலும் விளக்கப்பட வேண்டும் என்றது. அவ்வளவுதான், சட்டக் கேள்வி மருத்துவக் கேள்வியாக மாறியது. வழக்குப் போட வேண்டுமா, உளவியலாளரைப் பிடி. அவர் அறிக்கையில் ஒரு வியாதிப் பெயர் வேண்டும். தற்பெருமை ஆளுமைக் கோளாறு, சார்ந்திருக்கும் ஆளுமைக் கோளாறு, சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று எதாவது ஒன்று. அந்தக் கோளாறு குழந்தைப் பருவத்திலேயே வேர்விட்டது என்று ஒரு பத்தி, தீராதது என்று ஒரு பத்தி. அறிக்கைக்குத் தனிச் செலவு. எதிர்த்தரப்பு வந்து உட்காராவிட்டால்? சம்பந்தப்பட்டவரை நேரில் பரிசோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் நேரில் பார்க்காமல் எழுதிய அறிக்கையை ஒரு நீதிபதி ஏற்பார், இன்னொருவர் கேள்விப்பட்டதை வைத்து எழுதியது என்று தூக்கிப்போடுவார்.

இந்த முறையில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. வெளியே வர வேண்டுமென்றால், ஒரு காலத்தில் நேசித்த ஆளை நோயாளி என்று கோர்ட்டில் முத்திரை குத்த வேண்டும். அல்லது தன்னையே குத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இயலாமை உள்ளவரே கூட வழக்குப் போடலாம். பிள்ளைகள் பிற்பாடு அந்தத் தீர்ப்பைப் படிப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீதிமன்றத்துக்கே இது உறுத்த ஆரம்பித்தது. 2009-ல் வந்த ஒரு தீர்ப்பு, மோலினா விதிகள் எல்லா வழக்கையும் ஒரே இறுக்கமான சட்டைக்குள் திணிக்கின்றன என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அந்தத் தேதியும் பிப்ரவரி 13 என்பது தற்செயல்தான் என்று நம்புவோம். இன்னொரு வழக்கு அதைவிட விசித்திரம். மனைவி வாரத்தில் பல நாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாஜோங் என்ற சீனக் கட்டை விளையாட்டு ஆடப் போகிறார் என்பது புகார்களில் ஒன்று. 2011-ல் உச்ச நீதிமன்றம் இது போதாது என்றது. 2015-ல் அதே வழக்கை மறுபடி எடுத்துப் பார்த்து, திருமணம் செல்லாது என்றது. ஆட்கள் அதே, உண்மைகள் அதே, நீதிமன்றமும் அதே. முடிவு மட்டும் நேரெதிர். ஆனாலும் மோலினா விதிகள் ஏட்டில் அப்படியே இருந்தன.

2021 மே 11-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. டான்-ஆண்டல் என்று வழக்கறிஞர்கள் சுருக்கிச் சொல்லும் தீர்ப்பு. நீதிபதி லியோனென் எழுதியது, முழு அமர்வும் ஒருமனதாக ஏற்றது. கணவர் போதைக்கு அடிமை, மறுவாழ்வு மையத்தில் சேர்த்தும் பயனில்லை, குடும்பத்தைத் தாங்கவில்லை, பெண் குழந்தை இருக்கும் வீட்டிலேயே போதைப்பொருள். மனைவி வழக்குப் போட்டது 2003. கீழ் நீதிமன்றம் 2007-ல் ஏற்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் புரட்டிப்போட்டது, உச்ச நீதிமன்றம் 2021-ல் திரும்ப நிமிர்த்தியது. மனுப் போட்டபோது பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த மகள், தீர்ப்பு வரும்போது பெரியவளாகிவிட்டாள்.

அந்தத் தீர்ப்பு சொன்ன முக்கியமான விஷயம்: உளவியல் இயலாமை என்பது சட்டக் கருத்து, மருத்துவக் கருத்து கிடையாது. அது மனநோயாக இருக்க வேண்டியதில்லை, ஆளுமைக் கோளாறு என்று பெயர் வைத்து நிபுணர் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. ஒரு மனிதனின் ஆளுமையின் அமைப்பே, திருமணக் கடமைகளைப் புரிந்துகொள்ளவும் நிறைவேற்றவும் விடாதபடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் காட்டக் கூடப் பிறந்தவர்களும் பழைய நண்பர்களும் போதும், கல்யாணத்துக்கு முன்பே அவரைப் பார்த்து வந்தவர்கள் சாட்சி சொல்லலாம். உளவியலாளர் வந்தால் நல்லது, வராவிட்டால் வழக்கு விழுந்துவிடாது.

பழைய மூன்று அளவுகோலும் என்ன ஆயின? 'முன்பிருந்தே' என்பது அப்படியே இருக்கிறது, சட்ட வாசகத்திலேயே அது இருப்பதால் எடுக்கவும் முடியாது. தீவிரமும் இருக்கிறது, அவ்வப்போது வரும் கோபம், மனநிலை மாற்றம், சின்னச் சின்னக் குணக்கோணல் போன்றவை சேராது, உண்மையான உளவியல் காரணம் ஒன்று வேண்டும். 'தீராதது' என்பதுதான் அடையாளமே தெரியாமல் மாறியது. மருந்தால் தீருமா என்று இனி யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு துணையோடு வாழும்போது அது விடாமல் தொடர்கிறதா, இரண்டு பேருடைய ஆளுமையும் எவ்வளவு முட்டிமோதினால் இந்த உறவு உடைவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஆகிறதோ அந்த அளவா என்று பார்க்கிறார்கள். அதாவது இன்னொருவரோடு ஒழுங்காகக் குடும்பம் நடத்தக்கூடிய ஆள் இவரோடு இயலாதவராக இருக்கலாம். மறுமணம் செய்து நன்றாக இருக்கிறாரே, அப்போது எப்படி இயலாமை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கூடவே ஒரு கடிவாளமும் போட்டார்கள். திருமணம் செல்லும் என்பதே சட்டத்தின் முன்முடிவு என்பதால், அதை உடைக்கச் சாதாரண சிவில் வழக்கைவிடக் கனமான, தெளிவான, நம்பவைக்கும் சான்று வேண்டும். ஆகவே இனிமேல் கேட்டதும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஒரு கற்பனைக் கணவரை வைத்துப் பார்க்கலாம். அவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு. இது மட்டும் என்றால் 36-வது பிரிவு நகராது; துரோகம் வேறு, இயலாமை வேறு. அதற்குச் சட்டப்படி பிரிந்து வாழ்தல் என்று தனி வழி உண்டு, அதில் வீடு பிரியும், சொத்து பிரியும், ஆனால் திருமணம் அப்படியே இருக்கும், இன்னொரு கல்யாணம் செய்ய முடியாது. அதே கணவர் கல்யாணத்துக்கு முன்பே ஒரே நேரத்தில் பல பெண்களிடம் பொய் சொல்லி வாழ்ந்தவர், செய்தது தப்பு என்ற உணர்வே எந்த வயதிலும் இருந்ததில்லை, மனைவி பிரசவ வலியில் கிடந்த அன்றும் ஆளைக் காணோம், பிடிபட்ட ஒவ்வொரு முறையும் அழுது சத்தியம் செய்துவிட்டு அடுத்த வாரமே ஆரம்பித்துவிடுவார் என்று அவருடைய சொந்த அண்ணனே கோர்ட்டில் வந்து சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கதை வேறு. துரோகம் என்பது வெளியே தெரியும் இலை. கீழே என்ன வேர் என்பதைத்தான் வழக்கு காட்ட வேண்டும்.

அனல்மென்ட் என்ற சரியான சட்டச் சொல்லுக்கும் இங்கேயே ஒரு வரி. கட்டாயப்படுத்தி நடந்தது, ஏமாற்றி நடந்தது, 18-லிருந்து 21 வயதுக்குள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் நடந்தது போன்ற திருமணங்கள் ரத்து செய்யும்வரை செல்லும். பெரும்பாலும் காலக்கெடுவும் உண்டு. 36-வது பிரிவுக்குக் காலக்கெடுவே கிடையாது. முப்பது வருஷம் கழித்தும் போடலாம்.

நடைமுறை எப்படி? கணவனோ மனைவியோ தாங்கள் வசிக்கும் இடத்துக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். எதிர்த்தரப்பு பதில் போடவில்லை என்றால் மற்ற வழக்குகளைப்போல ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போக முடியாது. அரசு வழக்கறிஞர் ஒருவர், இரண்டு பேரும் உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்களா என்று விசாரித்து அறிக்கை தர வேண்டும். "ஆமாம், நான்தான் காரணம், ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஊரில் எல்லா வழக்கிலும் ஒப்புக்கொண்டால் வேலை சுலபம், இதில் மட்டும் ஒப்புக்கொண்டால் சந்தேகம். இன்னொரு பக்கம் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம் அரசின் சார்பில் நிற்கும். கணவனும் மனைவியும் தீர்ப்பில் திருப்தி அடைந்தாலும் அரசு மேல்முறையீடு செய்யலாம், செய்தும் இருக்கிறது. இந்த வழக்குகளில் பலவற்றின் பெயர் 'பிலிப்பைன்ஸ் குடியரசு எதிர்' என்று தொடங்குவது அதனால்தான். திருமணத்தில் அரசு மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

செலவு என்று பார்த்தால், வழக்கறிஞர் கட்டணம், கோர்ட் கட்டணம், அறிக்கை என்று சேர்ந்து லட்சக்கணக்கான பேசோவுக்குப் போய்விடும். வசதி இல்லாதவர்களுக்கு அரசின் இலவச வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் பொதுவாக இது பணம் இருக்கிறவர்கள் நடக்கும் பாதை, மற்றவர்கள் பிரிந்து வாழ்ந்துகொண்டு ஏட்டில் மட்டும் தம்பதியாக இருப்பார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விவாகரத்துச் சட்டம் கேட்பவர்களின் வலுவான வாதமும் இதுதான், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

பலரும் பயப்படுவது பிள்ளைகளை நினைத்து. திருமணம் நடக்கவே இல்லை என்றால் பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள் ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். 36-வது பிரிவின்படி தீர்ப்பு இறுதியாகும் முன் கருவானவர்களும் பிறந்தவர்களும் முறையான வாரிசுகளே என்று 54-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அப்பா அம்மா இருவரும் தொடர்ந்து செலவுக்குக் கொடுக்க வேண்டும். சொத்தில், சேர்ந்து வாழ்ந்தபோது உழைத்துச் சேர்த்தது பொதுவாகச் சமமாகப் பிரியும். வேலைக்குப் போகாமல் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் உழைப்புக் கணக்கில் வரும்.

கோயிலில் வாங்கிய தீர்ப்பும் கோர்ட்டில் வாங்கிய தீர்ப்பும் ஒன்றா என்றால் இல்லை. திருச்சபை செல்லாது என்றாலும் அரசு ஏட்டில் நீங்கள் திருமணமானவர்தான், கோர்ட்டில் செல்லாது என்றாலும் கோயிலில் மறுபடி கல்யாணம் செய்ய அங்கே தனியாக வாங்க வேண்டும்.

கடைசியாக, வழக்கே போடாதவர்களும் வழக்கில் ஜெயித்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "தொடக்கம் முதலே செல்லாதுதானே, அப்புறம் எதற்குக் கோர்ட்?" என்று நினைத்து, வழக்கே போடாமல் இன்னொரு கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுமணத்துக்கு முந்தைய திருமணம் செல்லாது என்ற நீதிமன்ற அறிவிப்பு கட்டாயம் வேண்டும் என்று 40-வது பிரிவு சொல்கிறது; இல்லாமல் செய்தால் இருதார மண வழக்கில் போய் நிற்க நேரிடலாம். தீர்ப்பு வந்துவிட்டது என்றாலும் அன்றைக்கே மோதிரம் வாங்கப் போகக் கூடாது. தீர்ப்பு இறுதியாக வேண்டும், அதை உள்ளூர்ப் பதிவாளரிடமும் பிலிப்பைன்ஸ் புள்ளிவிவர ஆணையத்திலும் பதிய வேண்டும், பழைய திருமணச் சான்றிதழின் ஓரத்தில் 'இந்தத் திருமணம் செல்லாது என அறிவிக்கப்பட்டது' என்ற குறிப்பு ஏற வேண்டும். சொத்துப் பங்கீடு இருந்தால் அதுவும் பதிவாக வேண்டும். இந்தப் பதிவு வேலையை முடிக்காமல் அவசரப்பட்டு இரண்டாவது கல்யாணம் செய்தால் 53-வது பிரிவின்படி அதுவும் செல்லாது. அந்தத் தடவை யாருடைய இயலாமையையும் நிரூபிக்க வேண்டியிருக்காது.